ஞாயிறு வாய், திங்கள் வாய்

அந்த ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் அறையில் பதினாறு வருடமாக இருக்கிறவரை எல்லோரும் கொசு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். குழந்தைகள் வார்டில் ஏதோ ஒரு வாண்டு அழுதுகொண்டே வைத்த பெயர். நர்ஸுகள் பிடித்துக்கொண்டார்கள், பிறகு டாக்டர்கள், கடைசியில் அவர் வீட்டுக்காரரே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால் "கொசு இருக்காங்களா?" என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது. அக்கா கோபித்துக்கொண்டதில்லை. "கொசுவுக்கும் எனக்கும் ஒரே வித்தியாசம். நான் சொல்லிட்டுக் கடிப்பேன்" என்பார்.

எங்கள் சபையில் மூன்றாவது பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவர் அவர். நான் இங்கே சொல்லப்போவது பாதி அவரே சொன்னது, மீதி அவர் வீட்டுக்காரர் சொன்னது. வீட்டுக்காரர் பெயின்டர். சுவரைப் பார்த்தே வாழ்கிறவர் என்பதால் பேச்சு குறைவு. அந்தக் குறையையும் சேர்த்து அக்காவே பேசித் தீர்த்துவிடுவார்.

வேலையில் அவர் கெட்டிக்காரி. முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையைக் கட்டி, விரல் நுனியால் இரண்டு தட்டுத் தட்டினால் போதும், ஒளிந்திருக்கும் நரம்பும் "இதோ இருக்கேன்" என்று எழுந்து நிற்கும். மற்றவர்கள் மூன்று இடத்தில் குத்திப் பார்த்துக் கைவிட்ட கிழவர்களையெல்லாம் கடைசியில் இவரிடம்தான் அனுப்புவார்கள். ஊசி போடுமுன் மனசுக்குள் "ஆண்டவரே, ஒரே குத்துல முடியணும்" என்று ஒரு சின்ன ஜெபம். நோயாளிக்குத் தெரியாது. அவர் உதடு அசைவதைப் பார்த்து "என்னைத் திட்டறீங்களா?" என்று கேட்ட நோயாளிகளும் உண்டு.

அந்த வருடத் தொடக்கத்தில் எங்கள் போதகர் பரிசுத்தத்தைப் பற்றி ஆறு வாரம் தொடர்ந்து பேசினார். அது கோயிலுக்குள் தொடங்கி கோயிலுக்குள் முடிகிற காரியம் இல்லை, அடுப்படியிலும் ஆபீஸிலும் பஸ்ஸிலும் நம்மோடு வர வேண்டியது என்றார். அக்காவுக்கு அது ஆழமாகப் பட்டுவிட்டது. அவர் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. காலை ஐந்து மணிக்கு எழுந்து ஜெபம், புதன்கிழமை உபவாசம், பொழுதுபோக்குத் தொடர் பார்ப்பதில்லை என்று தீர்மானங்கள் போட்டார். உபவாசப் புதன்களில் அவர் காட்டிய எரிச்சலில் வீடே உபவாசம் இருந்த மாதிரி ஒடுங்கிக் கிடந்தது என்று வீட்டுக்காரர் சொன்னார். இருந்தாலும் மனுஷி விடவில்லை.

இப்போது இன்னொருவரை அறிமுகப்படுத்த வேண்டும். ரத்தம் எடுக்கும் அறைக்கும் வரிசைக்கும் நடுவில் ஒரு கண்ணாடி ஜன்னல் உண்டு. அதற்குப் பின்னால் கம்ப்யூட்டரில் பதிவு செய்து, நோயாளியின் பெயரும் எண்ணும் அச்சடித்த ஸ்டிக்கரைக் கிழித்துக் கொடுப்பவர் அங்கே உட்கார்ந்திருப்பார். அக்காவைவிட ஏழெட்டு வயது சின்னவர். சீட்டில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தாலும் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார் என்பதால் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். இரண்டு பேரும் ஒரு காலத்தில் நகமும் சதையுமாக இருந்தவர்கள். மத்தியானச் சாப்பாட்டைப் பங்குபோட்டுச் சாப்பிட்டவர்கள். "நீ", "வா", "போ" என்று அக்கா உரிமையோடு பேசுவார். அவள் "அக்கா, அக்கா" என்று ஒட்டிக்கொண்டிருப்பாள்.

ஒரு திங்கட்கிழமை அந்த நட்பு முறிந்தது. அக்காவும் இன்னும் இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் ஒரு நர்ஸின் குடும்ப விஷயத்தை மென்றுகொண்டிருந்தார்கள். பூதக்கண்ணாடி டப்பாவை மூடிக்கொண்டே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"அக்காவுக்கு ஞாயித்துக்கிழமைக்கு ஒரு வாய், திங்கக்கிழமைக்கு ஒரு வாய்."

மேசையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அக்காவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. பொய்யாக இருந்திருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லிவிட்டு மறந்திருப்பார். அது உண்மையாக இருந்ததுதான் பிரச்சினை. அன்றிலிருந்து பேச்சை நிறுத்தினார். தவிர்க்க முடியாமல் ஏதாவது சொல்ல வேண்டி வந்தால் "நீங்க" என்று சொன்னார். அந்த "நீங்க" இருக்கிறதே, அது கதவை அறைந்து சாத்துவதைவிட மோசம்.

மூன்று மாதம் இப்படியே ஓடியது. இதற்கு நடுவில் ஐந்து மணி ஜெபமும் நடந்துகொண்டுதான் இருந்தது. பகைக்கிறவர்களுக்காக ஜெபிக்க வேண்டும் என்று போதகர் சொல்லியிருந்ததால், அக்கா தினமும் அவளுக்காகவும் ஜெபித்தார். "ஆண்டவரே, அவளுக்கு நல்ல புத்தியைத் தாரும்." அவ்வளவுதான் ஜெபம். அதைச் சொல்லி முடித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருக்குமாம்.

பிறகு அந்தத் திங்கட்கிழமை வந்தது. ஞாயிறு விடுமுறைக்குப் பிறகு வரும் நாள் என்பதால் வரிசை மாடிப்படி வரை நின்றது. வெறும் வயிற்றோடு வந்தவர்களுக்குப் பசி, பசியோடு கோபம். ஒரு தச்சர் வந்து உட்கார்ந்தார். கை மரக்கட்டை மாதிரி. நரம்பு கயிறு மாதிரி. சர்க்கரைப் பரிசோதனை. அக்கா ஒரே குத்தில் எடுத்து, சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் நிரப்பினார். ஸ்டிக்கரை உரித்தபோது அது குறுக்கே கிழிந்துவிட்டது.

புது ஸ்டிக்கர் வேண்டும் என்றால் ஜன்னல் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான்கு அடி தூரம். அக்கா சொல்லவில்லை. யாராவது அந்தப் பக்கம் போனால் சொல்லி அனுப்பலாம் என்று காத்திருந்தார். ஆள் முன்னால் இருக்கும்போதே குழாயில் ஸ்டிக்கர் ஒட்டிவிட வேண்டும் என்பது விதி. புதிதாக வருகிறவர்களுக்கு அந்த விதியைச் சொல்லிக்கொடுப்பவரே அவர்தான். அன்றைக்குத் தச்சரை அனுப்பிவிட்டு, குழாயை ஸ்டாண்டில் ஒரு ஓட்டையில் வைத்து, இடத்தை மனசில் குறித்துக்கொண்டார். அடுத்து ஓய்வு பெற்ற ஒரு தபால்காரர் உட்கார்ந்தார். அவருக்கும் அதே சாம்பல் மூடிக் குழாய். எடுத்து முடித்து ஒட்டப்போகும் நேரத்தில் அடுத்த நாற்காலியில் ஒரு குழந்தை கையை உதறிக்கொண்டு அலறியது. அந்தக் குழாயையும் ஸ்டாண்டில் வைத்துவிட்டுக் குழந்தையைப் பிடிக்க ஓடினார். திரும்பி வந்தபோது, நடுவில் அவர் சொல்லி அனுப்பியிருந்த துப்புரவு அம்மா ஜன்னலில் வாங்கிவந்த புது ஸ்டிக்கர் மேசைமேல் இருந்தது. இரண்டையும் ஒட்டினார். மாற்றி ஒட்டினார்.

தபால்காரரின் சர்க்கரை தச்சரின் தலையில் விழுந்தது. தச்சருக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். தபால்காரரிடம் எல்லாம் சரியாக இருக்கிறது, இப்படியே இருங்கள் என்றார்கள். ஒன்பதாவது நாள் தச்சர் பட்டறையில் மரம் இழைத்துக்கொண்டிருந்தவர் கண் இருட்டி விழுந்தார். நெற்றி மேசை விளிம்பில் இடித்து வீங்கியது. தூக்கிக்கொண்டு வந்தார்கள். சோதித்தால் சர்க்கரை மிகவும் இறங்கிக் கிடந்தது. குளுக்கோஸ் ஏற்றித் தெளிய வைத்து, இன்னொரு பரிசோதனையும் செய்து பார்த்ததில் மனிதருக்குச் சர்க்கரை நோயே இல்லை என்று தெரிந்தது. தபால்காரரைக் கூப்பிட்டுச் சோதித்தார்கள். அவருக்குத்தான் எக்கச்சக்கமாக இருந்தது.

மறுநாள் காலை ஆய்வகத் தலைமை டாக்டர் அம்மா எல்லோரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். கம்ப்யூட்டரைப் பார்த்தே பேசினார்.

"தச்சரோட ஸ்டிக்கர் ரெண்டு தடவை அச்சாகியிருக்கு. ரெண்டாவது தடவைதான் கொழப்பம் நடந்திருக்கணும். ஜன்னல்ல யார் அன்னிக்கு?"

பூதக்கண்ணாடி முன்னால் வந்தாள். "நான்தான் டாக்டர். கிழிஞ்சு போச்சுன்னு கேட்டாங்க, குடுத்தேன். மாத்திக் குடுக்கலை."

"அப்ப எப்படி மாறும்? எழுத்துமூலமா விளக்கம் குடுங்க. அதுவரைக்கும் நீங்க ஜன்னல்ல வேண்டாம். கீழ பழைய ஃபைல் ரூமுக்குப் போங்க."

அக்காவிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. கொசு அக்கா தப்புச் செய்வார் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவருக்கே அந்த நிமிடம்வரை தோன்றவில்லை. அவள் "கிழிஞ்சு போச்சு" என்றதும்தான் அந்த ஸ்டாண்டும், இரண்டு சாம்பல் மூடிகளும், அலறிய குழந்தையும் கண்முன் வந்தன.

ஆனால் அதற்கடுத்து மனசில் வந்தது என்ன தெரியுமா? இதை அவர் என்னிடம் சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டார். "ஆண்டவர் நியாயம் தீர்த்துட்டார்னு தோணுச்சு. கையெடுத்துக் கும்பிடாத குறை. என் தப்புன்னு தெரிஞ்சதுக்கு அப்புறமும் அப்படித்தான் தோணுச்சு."

அன்று முழுக்க வாய் திறக்கவில்லை. பூதக்கண்ணாடி தன் தண்ணீர்ப் பாட்டிலையும் மேசைமேல் வைத்திருந்த சின்னச் செடியையும் எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனதைப் பார்த்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதைவிட இது சுலபமாக இருந்தது. மறைக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. பேசாமல் இருந்தால் போதும். மூன்று மாதமாகப் பழகிய வேலைதான்.

சாயங்காலம் வீட்டில் வீட்டுக்காரர் தின்னரால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா நடந்ததை வேறு யாருக்கோ நடந்த மாதிரிச் சொன்னார். ஒருத்தர் தெரியாமல் தப்புச் செய்துவிட்டார், பழி இன்னொருத்தர்மேல் விழுந்துவிட்டது, அந்த இன்னொருத்தரும் அப்படி ஒன்றும் நல்லவர் இல்லை, இப்போது என்ன செய்வது என்று.

வீட்டுக்காரர் விரலிடுக்கில் இருந்த நீலப் பெயின்ட்டைத் துடைத்து முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அந்த ஒருத்தர் நீதானே?"

அக்கா தின்னர் பாட்டிலை மூடி வைத்தார்.

"நாளைக்கு எத்தனை மணிக்குப் போகணும்? நான் கொண்டுவந்து விடட்டுமா?"

"எங்க?"

"டாக்டரம்மாகிட்டதான். வேற எங்க?"

அவ்வளவுதான் பேசினார். பிறகு சாப்பாடு எடுத்து வைக்கச் சொன்னார்.

மறுநாள் ஐந்து மணிக்கு அக்கா வழக்கம்போல முழங்காலில் நின்றார். வீடு, சபை, நோயாளிகள் என்று வரிசையாக வந்து, பூதக்கண்ணாடியின் முறை வந்தது. "ஆண்டவரே, அவளுக்கு நல்ல புத்தியை" என்று தொடங்கினார். மேலே போக முடியவில்லை. மறுபடியும் தொடங்கினார், அதே இடத்தில் நின்றது. கடைசியில் "எனக்குத் தாரும்" என்று முடித்தார். மூன்று மாதத்தில் அவளைப் பற்றி அவர் செய்த முதல் உண்மையான ஜெபம் அதுதான் என்று அவரே சொன்னார்.

வீட்டுக்காரர் வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். டாக்டர் அம்மா அப்போதுதான் வந்து கைப்பையை வைத்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர், ஸ்டிக்கரை மாத்தி ஒட்டினது நான். அவ குடுத்தது சரியாத்தான் இருந்துச்சு."

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். "எப்ப தெரியும் உங்களுக்கு?"

"நேத்துக் காலையில. நீங்க பேசிட்டிருக்கும்போதே."

"அப்ப ஏன் சொல்லலை?"

அக்காவுக்கு ஒரு நல்ல காரணம் நாக்கு நுனிவரை வந்தது. அதிர்ச்சியில் இருந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம், டாக்டரும் நம்பியிருப்பார். "அவமேல எனக்குக் கோபம் டாக்டர். மாட்டிக்கிட்டா மாட்டிக்கட்டும்னு இருந்தேன். புது ஸ்டிக்கரை நேரா கேக்காததுக்கும் அதே கோபம்தான் காரணம்."

டாக்டர் ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார். "இப்ப சொன்னதை அப்படியே எழுதுங்க."

இரண்டு மாதம் ஊசி தொடக்கூடாது, குழாய்களைப் பிரித்து அடுக்கும் மேசையில் இருக்க வேண்டும், பயிற்சி வகுப்பில் புதியவர்களோடு முதல் வரிசையில் உட்கார வேண்டும் என்று உத்தரவு வந்தது. அடுத்த மாதம் அந்த அறைக்கு அவரைப் பொறுப்பாளராகப் போடுவதாக இருந்தார்கள். அதுவும் கைநழுவிப் போயிற்று. வேறு பிரிவிலிருந்து ஒருவர் வந்தார்.

டாக்டர் அறையிலிருந்து நேராகப் படியிறங்கிக் கீழே ஃபைல் அறைக்குப் போனார் அக்கா. தூசி நடுவில் பூதக்கண்ணாடி உட்கார்ந்திருந்தாள். அக்கா நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். மன்னித்துவிடு என்றார். இப்படிச் சொன்னதும் அவள் அழுது கட்டிப்பிடித்துக்கொள்வாள் என்று நாம் நினைப்போம். அக்காவும் நினைத்திருந்தார்.

"நேத்து ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை தெரியுமா? பதினோரு வருஷத்துல ஒரு எழுத்து விட்டதில்லை நான். நிஜமாவே மாத்திக் குடுத்துட்டேனோன்னு என்மேலயே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு. நீங்க அங்கேயே நின்னுட்டிருந்தீங்க."

"ஆமா. நின்னுட்டிருந்தேன்."

"உடனே மன்னிக்க எல்லாம் என்னால முடியாது. டைம் வேணும்."

"எடுத்துக்கோ."

"நாளைக்கே வந்து நின்னுட்டு, ஆச்சா ஆச்சான்னு கேக்காதீங்க."

"கேக்க மாட்டேன்."

மேலே ஏறி வரும்போது அக்காவுக்குக் கால் லேசாக இருந்ததாம். மன்னிப்புக் கிடைக்கவில்லை, பதவி போய்விட்டது, ஊசியும் போய்விட்டது. ஆனாலும் லேசாக இருந்தது. காரணம் கேட்டால், "உள்ள ஒரே ஆள்தான் இருந்தேன். ரெண்டு பேர் இல்லை" என்றார்.

அந்த வாரக் கடைசியில் தச்சரைப் பார்க்கப் போனார். ஆஸ்பத்திரியிலிருந்து ஏற்கெனவே அவரிடம் மன்னிப்புக் கேட்டிருந்தார்கள். அக்கா போக வேண்டிய கட்டாயம் இல்லை. பட்டறை வாசலில் மரத்தூளுக்கு நடுவில் நின்று, தான் யார் என்று சொன்னார். தச்சர் உளியைக் கீழே வைத்தார். நெற்றியில் வீக்கம் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியிருந்தது.

"நீங்கதானா அது? யாருன்னு தெரிஞ்சா எப்படித் திட்டணும்னு படுத்த படுக்கையிலயே வசனம் எல்லாம் யோசிச்சு வெச்சிருந்தேம்மா."

"திட்டுங்கண்ணே. அதுக்குத்தான் வந்திருக்கேன்."

"இப்படி நேரா வந்து நின்னா எப்படித் திட்டறது? மறந்து போச்சு எல்லாம்."

உள்ளேயிருந்து அவர் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "அவரு மறந்தா என்ன, நான் திட்டறேன். ஒன்பது நாள் இந்த மனுஷன் சர்க்கரை இல்லாத டீயைக் குடிச்சிட்டு எங்களைப் படுத்தின பாடு! ஒவ்வொரு வாய்க்கும் ஒரு பெருமூச்சு. பக்கத்து வீட்டுக்காரங்க துக்கம் விசாரிக்க வந்துட்டாங்க." சிரித்துக்கொண்டே தொடங்கினவருக்கு நடுவில் குரல் உடைந்தது. "விழுந்தப்ப பக்கத்துல ரம்பம் ஓடிட்டிருந்துச்சும்மா. ஒரு அடி தள்ளி விழுந்திருந்தா?"

அக்கா அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தச்சர்தான் கடைசியில் ஒரு ஸ்டூலைத் தட்டிப் போட்டு, டீ கொண்டுவரச் சொன்னார். எல்லோருக்கும் சர்க்கரை தூக்கலாக.

தபால்காரர் வீட்டில் அப்படி நடக்கவில்லை. அவர் கதவைப் பாதி திறந்து, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "சரி" என்றார். கதவை மூடினார். அதற்குப் பிறகு இன்றுவரை ரத்தம் கொடுக்க அக்காவின் நாற்காலிக்கு அவர் வருவதில்லை. அடுத்த நாற்காலி காலியாகும்வரை காத்திருந்து போவார். அக்கா அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "அது அவர் உரிமை. நான் வணக்கம் சொல்வேன், அவரும் தலையை ஆட்டுவார். அதுவே போதும்."

அந்த இரண்டு மாதம் அக்காவுக்கு இவ்வளவு பிடிக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பயிற்சி வகுப்பில் இருபது வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, தான் சொல்லிக்கொடுத்த பாடத்தையே மறுபடி எழுதினார். தேர்வில் இரண்டாவதாக வந்தார். முதலாவதாக வந்த பெண்ணைப் பற்றி அன்று முழுக்கப் பெருமையாகப் பேசினார். சாப்பாட்டு மேசையில் யாராவது யாரையாவது பற்றித் தொடங்கினால் எழுந்து போய்விடுவதில்லை. "அவங்களையும் கூப்பிடு, முன்னாடியே பேசுவோம்" என்பார். பேச்சு தானாக வேறு பக்கம் திரும்பிவிடும். புதன்கிழமை உபவாசத்தை மட்டும் விட்டுவிட்டார். அன்றைக்கு வீட்டில் யாரையும் கடித்துப் பேசுவதில்லை என்று அதற்குப் பதிலாக வைத்துக்கொண்டார். இதுதான் கஷ்டமான உபவாசம் என்றார்.

போதகர் அவரைச் சபையில் எழுந்து சாட்சி சொல்லச் சொன்னார். "வேண்டாம் ஐயா. சொல்லச் சொல்ல நானே பெரிய ஆளாயிடுவேன் அந்தக் கதையில" என்று மறுத்துவிட்டார். நான் எழுதட்டுமா என்று கேட்டபோதும் தயங்கினார். பெயர் போட மாட்டேன் என்றதும்தான் சரி என்றார்.

பூதக்கண்ணாடி கேட்ட டைம் ஐந்து வாரம் பிடித்தது. ஜன்னலுக்குத் திரும்பி வந்திருந்தாள். வேலை விஷயமாகப் பேசுவாள், அதற்குமேல் இல்லை. ஐந்தாவது வாரம் ஒரு மத்தியானம் அக்கா தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எதிரில் வந்து உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து, பாதியை அக்காவின் தட்டில் தள்ளினாள். "இன்னிக்கு உப்பு அதிகமாயிடுச்சு. நீங்களும் அனுபவிங்க" என்றாள். அக்கா சாப்பிட்டார். நிஜமாகவே உப்பு கரித்ததாம்.

இப்போதும் அவர்களுக்குள் சண்டை வரும். மின்விசிறியை எந்த வேகத்தில் வைப்பது என்பதிலிருந்து எல்லாவற்றுக்கும் வரும். ஆனால் சத்தமாக, அந்த இடத்திலேயே, பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

போன மாதம் ஆஸ்பத்திரி ஊழியர்கள் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை வைத்தார்கள். பூதக்கண்ணாடி எல்லோரையும் முன்னால் அனுப்பிவிட்டு, கடைசி ஆளாக வந்து அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, எனக்கு ஊசின்னா பயம்."

"பதினோரு வருஷமா இதே இடத்துல உக்காந்துட்டு?"

"அதனாலதான் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கேன். சிரிக்காதீங்க."

"சிரிக்கலை. கையைக் குடு. அந்தச் செவுத்தைப் பாரு, காலண்டர்ல எத்தனை ஞாயித்துக்கிழமை இருக்குன்னு எண்ணு."

அவள் சத்தமாக எண்ண ஆரம்பித்தாள். அக்காவின் உதடு லேசாக அசைந்தது. நான்காவது ஞாயிற்றுக்கிழமைக்கு வந்தபோது அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "எப்பக்கா குத்துவீங்க? சொல்லிட்டுக் குத்துங்க" என்றாள்.

"பஞ்சை அழுத்திப் பிடி" என்றார் அக்கா. "எல்லாம் முடிஞ்சாச்சு. எந்திரி, டீ குடிக்கப் போகலாம்."